எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு: ஒரு கணக்கரின் விமர்சனம்

மைண்ட்ஃபுல்னஸ் என்றால் நடப்பதை நடக்கும்போதே கவனிக்கப் பழகுகிற தியானப் பயிற்சி. கட்டணம் 9,500 ரூபாய். வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம், எட்டு வாரம். ஆறாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவில் ஒரு ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை வாயே திறக்காமல் இருக்கும் நாள். ஆக மொத்தம் 27 மணி நேரம். மணிக்கு 352 ரூபாய் விழுகிறது. கோயம்புத்தூரில் பிசியோதெரபிக்கு ஒரு தடவை போய்வந்தால் இதைவிடக் கூட ஆகிறது. அதனால் தொகை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. வீட்டில் தினம் 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். எட்டு வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்பைவிட வீட்டுப்பாடம் பெரிது. சேருவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்த 36 மணி நேரத்துக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் இரண்டாவது விஷயம்.

நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்ப்பவன். மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், கூடவே டிடிஎஸ் என்கிற வரிப் பிடித்தம், செப்டம்பர் வந்தால் வரித் தணிக்கை அறிக்கை. நாற்காலியிலேயே வாழ்க்கை. இடுப்பில் எல்4-எல்5 என்கிற இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று எம்ஆர்ஐ சொன்னது. ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் வலி முழுசாகப் போய்விடும் என்றும் வாக்குத் தர முடியாது என்றார் எலும்பு டாக்டர். மாத்திரை, பெல்ட், சூட்டு ஒத்தடம், கம்பளிப் போர்வைக்கு அடியில் பலகை என்று எல்லாம் ஆன பிறகு, பிசியோதெரபி செய்கிற பெண்தான் மாடியில் இப்படி ஒரு வகுப்பு நடக்கிறது, வலிக்காரர்களுக்கென்றே ஆரம்பித்த பாடம் என்று சொன்னது.

இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சாயிபாபா காலனிப் பக்கம் என்பது போதும். இதே பாடத்திட்டத்தைப் பல ஊர்களிலும் ஆன்லைனிலும் பலர் நடத்துகிறார்கள். என் பேச்சு பாடத்திட்டத்தைப் பற்றியது. நடத்துகிறவரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் நீங்கள் சேரப்போகும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தின் பெயர் எம்.பி.எஸ்.ஆர்., அதாவது மைண்ட்ஃபுல்னஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், வூஸ்டர் நகரத்தில், 1979இல் ஜான் கபாட்-ஜின் ஆரம்பித்தது. எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். கொரிய ஜென் குரு சுங் சானிடம் தியானம் பழகியவர். வைத்தியம் பார்த்தும் தீராமல் ஆஸ்பத்திரியையே சுற்றிவந்த நோயாளிகளை இங்கே அனுப்புங்கள் என்று டாக்டர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பௌத்தர்களின் கவனப் பயிற்சியையும் நம் யோகாசனத்தையும் எடுத்து, சாமி, மந்திரம், குரு வணக்கம் எல்லாவற்றையும் நீக்கி, ஆஸ்பத்திரியில் எந்த மதத்துக்காரரும் கூச்சமில்லாமல் உட்காருகிற மாதிரி எட்டு வாரமாக அடுக்கினார். எங்கள் வகுப்பிலும் விளக்கு இல்லை, படம் இல்லை, காலைத் தொடச் சொல்லவில்லை. ஒரு பித்தளைக் கிண்ணத்தைத் தட்டி ஒலி எழுப்புவார்கள், அவ்வளவுதான். உக்கடத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பாய் வகுப்பு முடியும்வரை ஒரு நாள்கூட தவறவில்லை. பக்கத்திலேயே ஒரு சர்ச் வாத்தியார். இதை நான் பெரிய நிறையாகச் சொல்வேன்.

முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு உலர் திராட்சை கொடுத்தார்கள். உலகம் முழுக்க இந்தப் பாடம் இப்படித்தான் ஆரம்பிக்குமாம். உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது, விரலால் உருட்டுவது, காதருகே வைத்து நசுக்கிக் கேட்பது, மோப்பது, உதட்டில் வைப்பது, கடைசியில் ஒரே ஒரு கடி. கிட்டத்தட்ட பத்து நிமிடம். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். தறிச் சத்தத்தில் காது மந்தம், தூக்கம் கிடையாது, அதற்காக வந்தவர். அவர் கேட்டேவிட்டார்: “ஏனுங்க மேடம், பாயசத்துல பத்து கெடந்தாலும் ஒரே முழுங்குல முழுங்கிப்போடுவோம். இதுக்கு இத்தன நேரமாங்க?” வகுப்பு நடத்தும் மேடம் சிரித்துக்கொண்டு, “அதுக்குத்தானுங்கய்யா, அந்தப் பத்தும் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க பார்க்கலாம்” என்றார். பெரியவர் யோசித்துவிட்டு, “தெரியலீங்” என்றார். எனக்கு அந்தத் திராட்சை பெரிய ஞானம் எதையும் தரவில்லை. புளிப்பாக இருந்தது. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டில் ஒரு வேளையாவது போன் பார்க்காமல் சாப்பிடுங்கள் என்ற வீட்டுப்பாடம்தான் உபயோகம். என் டிபன் பாக்ஸில் தினமும் என்ன வருகிறது என்றே தெரியாமல் சாப்பிட்டிருக்கிறேன் என்பது அப்போது தெரிந்தது. பீன்ஸ் பொரியல் வாரத்தில் மூன்று நாள் வருகிறது.

பாடத்தின் உயிர் பாடி ஸ்கேனில்தான் இருக்கிறது. மல்லாந்து படுத்து, இடது கால் கட்டை விரலில் தொடங்கி, ஒவ்வொரு இடமாகக் கவனத்தைக் கொண்டுபோய் உச்சந்தலை வரை வருவது. 45 நிமிடம். என் மனைவி, வேதாத்திரி மகரிஷி வழியில் யோகாவும் தியானமும் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றத்துக்குப் போய்வருபவள். ஆழியாறு அறிவுத் திருக்கோயிலுக்கும் போயிருக்கிறாள். வீட்டில் நான் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, “எங்க மன்றத்துலயும் படுக்க வெச்சு கால்ல இருந்து தலை வரைக்கும் சொல்லுவாங்களே. இதுக்காங்க அத்தன காசு?” என்றாள். நியாயமான கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். வித்தியாசம் சொல்லுகிற கட்டளையில் இருக்கிறது. அங்கே தளர்த்து என்கிறார்கள். உடம்பு தளர வேண்டும், அதுதான் நோக்கம். இங்கே தளர்த்தச் சொல்வதில்லை. “இடது முழங்கால்ல என்ன இருக்குன்னு பாருங்க. ஒண்ணும் தெரியலைன்னா, ஒண்ணும் தெரியலைங்கறதையே பாருங்க. மாத்த வேண்டாம்.” எரிகிறதா, எரியட்டும். மரத்துப்போயிருக்கிறதா, இருக்கட்டும். மனம் எங்கேயாவது ஓடிவிட்டால் திட்டாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து விட்ட இடத்தில் வைக்க வேண்டும். எத்தனை தடவை ஓடினாலும் அத்தனை தடவை.

ஆரம்பத்தில் பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள். இடது தொடையைத் தாண்டிப் போனவர்கள் முதல் வகுப்பில் குறைவு. சோமனூர் பெரியவர் குறட்டையே விட்டார். தூக்கம் வராமல் வந்தவர் அவர், எனவே யாரும் எழுப்பவில்லை. தூங்கினாலும் பரவாயில்லை, நாளைக்கு மறுபடி செய்யுங்கள் என்பதுதான் பதில்.

என் விஷயம் இடுப்புக்கு வரும்போது ஆரம்பிக்கும். வலிக்கிற இடத்துக்கு வேண்டுமென்றே கவனத்தைக் கொண்டுபோவது என்பது கேட்கவே கிறுக்குத்தனமாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்த இடத்தை மறக்கத்தானே மாத்திரை தின்கிறோம்? ஆனால் அப்படிப் பார்க்கப் பார்க்க, ‘வலி’ என்று ஒரே பெயரில் நான் வைத்திருந்தது பல துண்டுகளாகப் பிரிந்தது. நடுவில் ஒரு சூடு. வலது பிட்டத்துக்குப் போகும் ஒரு இழுப்பு. அதைச் சுற்றித் தசை இறுகிப் பிடித்திருப்பது. அது வலிக்குக் காவல் நிற்பதுபோல இறுகியிருக்கிறது, அதுவே தனியாக வலிக்கிறது. இதெல்லாம் ஒரே அளவில் நிற்பதும் இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, சில நொடி காணாமலே போகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே நேரத்தில் தலைக்குள் ஓடும் பேச்சு: 20ஆம் தேதி எப்படி உட்காரப்போகிறேன், இன்னும் நாலு வருஷத்தில் நடக்க முடியாமல் போகுமா, பெண் கல்யாணத்தில் மணமேடையில் உட்கார முடியுமா, சின்ன வயதில் மூட்டை தூக்கியது தப்போ. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இடுப்பு வலி அசல், இந்தப் பேச்சு வட்டி. அசலைவிட வட்டி எனக்கு எப்போதோ பெரிதாகிவிட்டிருந்தது. அசல் எட்டு வாரத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. வட்டி கணிசமாகக் குறைந்தது.

இதைத்தான் வாங்கினேன் என்று நான் நினைக்கிறேன். வலி போய்விடும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் அப்படித்தான் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார்.

ஆராய்ச்சிகளும் இதை ஒட்டித்தான் பேசுகின்றன. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2016இல் வந்த ஆய்வு என் கேஸுக்கு நேராகப் பொருந்துவது: நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 342 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு எம்.பி.எஸ்.ஆர்., ஒரு கூட்டத்துக்கு சிபிடி என்கிற மனநலப் பயிற்சி, மூன்றாவது கூட்டம் வழக்கமான வைத்தியத்தோடு. 26 வாரம் கழித்துப் பார்த்தபோது அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் முதல் கூட்டத்தில் 60.5 சதவீதம் பேருக்கு, சிபிடியில் 57.7, வழக்கமான வைத்தியத்தில் 44.1. அதாவது வழக்கமான வைத்தியத்திலேயே நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் தேறுகிறார்கள். இந்த வகுப்பு கூடுதலாகத் தருவது நூற்றுக்குப் பதினாறு பேர். சிபிடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. பதினாறு பேர் என்பது மாத்திரை விளம்பரக்காரர்கள் சொல்லும் அதிசயம் கிடையாது. ஆனால் பக்கவிளைவு குறைவான ஒரு விஷயத்துக்கு நல்ல எண்தான். 2014இல் 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை பயன் உண்டு என்றார்கள். அதே சமயம் உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை என்றும் எழுதினார்கள். பதற்ற நோய்க்கு இந்த எட்டு வாரம், எஸிடாலோபிராம் மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று 2022இல் வந்த ஒரு ஒப்பீட்டு ஆய்வும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இங்கேதான் என் முதல் புகார். வகுப்பு நடத்துகிறவர்களின் விளம்பரத் தாளில் ‘எட்டே வாரத்தில் உங்கள் மூளையின் அமைப்பே மாறும்’ என்று ஒரு வரி. முன்பு சில சிறிய ஆய்வுகள் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் 2022இல் இதைவிடப் பெரிதாக, முறையாகச் செய்து பார்த்தபோது எம்.பி.எஸ்.ஆர். முடித்தவர்களின் மூளை அமைப்பில் அப்படி மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதை நடத்திய குழுவில் தியான ஆராய்ச்சியில் பேர்போன ரிச்சர்ட் டேவிட்சனே இருந்தார். தங்களுக்குச் சாதகமில்லாத முடிவை அவர்கள் நேர்மையாக வெளியிட்டிருக்கும்போது, சாயிபாபா காலனியில் இன்னும் பழைய வரியை அச்சடித்துக்கொண்டிருப்பானேன்? மேடத்திடம் சொன்னேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது எடுத்துவிடுகிறேன் என்றார். அதேபோல ‘பள்ளிக் குழந்தைகளுக்கும் நல்லது’ என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2022இல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில், வழக்கமாகப் பள்ளியில் நடப்பதைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்யவே இல்லை. பெரியவர்கள் நாமே 45 நிமிடத்துக்குத் திண்டாடும்போது பிள்ளைகளைச் சொல்லி என்ன செய்ய.

இரண்டாவது புகார் ஒலிப்பதிவு. வீட்டில் கேட்கத் தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று தருகிறார்கள். வகுப்பில் மேடம் பேசும் தமிழ் அவ்வளவு இயல்பு. பதிவில் யாரோ எழுதிக்கொடுத்ததைப் படித்திருக்கிறார்கள். ‘தங்கள் விழிப்புணர்வைத் தங்கள் இடது பாதத்தின் பெருவிரலில் நிலைநிறுத்துவீர்களாக.’ அதைக் கேட்டுக்கொண்டு 45 நிமிடம் படுத்திருப்பது தனி வேதனை. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. நான் வகுப்பில் அனுமதி கேட்டு மேடத்தின் குரலை என் போனில் பதிவு செய்துகொண்டேன். பிறகு எல்லோரும் அதையே வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போவது கேட்கும். எனக்கு அது தொந்தரவாக இல்லை.

யோகாசன வகுப்பு சுமார். ‘உங்களால் முடிந்தவரை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எல்லோருக்கும் ஒரே வரிசை. டிஸ்க் பிரச்சினை இருப்பவர் முன்னால் குனியலாமா கூடாதா என்று தெளிவாகச் சொல்லவில்லை. கீழே இருக்கும் பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டு, எனக்கு ஆகாததை அடித்துவிட்டு மீதியைச் செய்தேன். உங்களுக்கு முதுகிலோ கழுத்திலோ கோளாறு இருந்தால் இப்படிச் செய்வதே நல்லது.

நான் எதிர்பார்க்காமல் உதவியது இரண்டு தாள்கள். ஒரு வாரம் முழுக்க, நாளுக்கு ஒன்றாக, நமக்குப் பிடித்த ஒரு சின்ன நிகழ்ச்சியைக் குறித்துவைக்க வேண்டும்: என்ன நடந்தது, அது நடக்கும்போதே தெரிந்ததா, உடம்பில் எங்கே என்ன இருந்தது, மனதில் என்ன ஓடியது, இப்போது எழுதும்போது என்ன தோன்றுகிறது. அடுத்த வாரம் பிடிக்காத நிகழ்ச்சிக்கு அதே மாதிரி. அட்டவணை போட்டுக் கட்டம் கட்டமாக எழுதுவது என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும். வகுப்பிலேயே நான்தான் முழுசாக நிரப்பியவன்.

பிடிக்காத நிகழ்ச்சித் தாளில் ஒரே ஆள் மூன்று நாள் வந்தார். எங்கள் கிளையண்ட் ஒருவர். மாதம் முழுக்கப் பில்லை மூட்டை கட்டி வைத்திருந்துவிட்டு 19ஆம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்பில் நாற்பது போட்டோவாக அனுப்புவார், பாதி கலங்கலாக. அது வந்தவுடன் எனக்கு என்ன ஆகிறது என்று தாளில் எழுத வேண்டியிருந்ததால் கவனித்தேன். முதலில் தாடை இறுகுகிறது. பிறகு தோள் இரண்டும் காதை நோக்கி ஏறுகிறது. அப்புறம்தான் இடுப்பு பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் பிறகுதான் ‘இந்த ஆள் ஒவ்வொரு மாசமும்’ என்ற வாக்கியம் வருகிறது. கோபம் வந்ததால் உடம்பு இறுகுகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு வரிசை தலைகீழாக இருந்தது. தாடை இறுகும் இடத்திலேயே தெரிந்துவிட்டால், போனை மேசையில் வைத்துவிட்டு நாலு மூச்சு விட முடிகிறது. அதன் பிறகு அவரிடம் பேசினால் வேறு மாதிரி பேச்சு வருகிறது. போன மாதம், “அண்ணா, 12ஆம் தேதிக்குள்ள அனுப்பலைன்னா அந்த மாச ஐடிசி அடுத்த மாசத்துக்குத்தானுங்க எடுப்பேன், கையில கட்ட வேண்டிய காசு கூடும்” என்று சாந்தமாகச் சொன்னேன். ஐடிசி என்பது சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. கத்தின மாதங்களில் அனுப்பாத மனிதர், 14ஆம் தேதி அனுப்பினார். இது மைண்ட்ஃபுல்னஸா, ஐடிசி பயமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த மாதிரிச் சின்னச் சின்ன இடங்களில்தான் அன்றாடப் பயன். சிக்னலில் காந்திபுரம் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும்போது, பின்னால் ஒருவன் ஹாரனிலேயே கையை வைத்திருக்கும்போது, ஸ்டீயரிங்கை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிகிறது. தெரிந்தால் கை தானாக விடுகிறது. பெரிய விஷயமில்லை. நாளெல்லாம் சேர்ந்தால் சாயந்திரம் இடுப்பில் வித்தியாசம் தெரிகிறது.

பேசாத ஞாயிறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறைகுறை இரண்டும் பெரிது. போனைக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது. உட்கார்வது, நடப்பது, படுப்பது மாறி மாறி. நடை என்றால் மொட்டை மாடியில் பத்தடிக்குப் போய்த் திரும்பி வருவது, பாதம் எடுப்பதும் வைப்பதும் தெரிகிற வேகத்தில். எதிர் மாடியில் துணி காயப்போட வந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மதியம் மெஸ் சாப்பாடு: கீரைக் கூட்டு, ரசம், தயிர்சாதம், மோர் மிளகாய். பேசாமல், மெதுவாகச் சாப்பிட்டதில் பாதியிலேயே வயிறு நிறைந்தது. எனக்கு வழக்கமாகத் தேவைப்படும் அளவில் பாதிதான் உள்ளே போனது. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டேயிருந்த ஐடி தம்பி, சாப்பாடு முடிந்ததும் கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிற்பகலில், உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் அழ ஆரம்பித்தார். விசும்பலாக ஆரம்பித்து, நிறுத்த முடியாமல். கோவிட் காலத்து வார்டு நினைவு என்று பிறகு அவரே சொன்னார். மேடம் நிதானமாகக் கையாண்டார். கண்ணைத் திறக்கச் சொல்லி, தரையில் பாதத்தை ஊன்றச் சொல்லி, வெளியே கூட்டிப்போய் உட்காரவைத்தார். ஆனால் அன்றைக்கு அங்கே மனநல மருத்துவர் யாரும் இல்லை, தேவைப்பட்டால் யாரை அழைப்பது என்ற ஏற்பாடும் இருந்ததாகத் தெரியவில்லை. சேருவதற்கு முன் நடந்த நேர்காணலிலும் வலி, தூக்கம், சர்க்கரை பற்றிக் கேட்டார்களே தவிர, பழைய அதிர்ச்சி, கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றி யாரும் கேட்கவில்லை. கண்ணை மூடி உள்ளே பார் என்றால் உள்ளே இருப்பது வெளியே வரும். எல்லோருக்கும் உள்ளே இடுப்பு வலி மட்டும் இருக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவே ஐந்து நட்சத்திரம் தர மறுக்கிறேன். நீங்கள் மனநல மருந்து எடுப்பவராக இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் சேராதீர்கள். திரும்பத் திரும்ப மனச்சோர்வு வருபவர்களுக்கென்று எம்.பி.சி.டி. என்று இதே வழியில் வந்த வேறு பாடம் இருக்கிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதலில் 2004இலேயே இடம்பெற்றது. மனநலப் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் இடமாகப் பார்த்து அதற்குப் போவது முறை.

ஆப் இருக்கும்போது வகுப்பு எதற்கு என்று ஆபீசில் கேட்கிறார்கள். ஹெட்ஸ்பேஸ், காம் இரண்டையும் இறக்கிப் பார்த்தேன். குரல் இனிமை, படம் அழகு, பத்து நிமிடம் பத்து நிமிடமாக இருப்பதால் ஆரம்பிக்க எளிது. தமிழ் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இங்கிலீஷ் கொஞ்சம் தூரம். தவிர, இன்றைக்குச் செய்யவில்லை என்றால் ஆப் ஒரு மணி அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பெரியவர், “தம்பி, இந்த வாரம் எத்தன நாள் படுத்தீங்?” என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் பல ராத்திரி பாயை விரித்திருக்கிறேன். கட்டணத்தில் பாதி அந்தக் கேள்விக்குத்தான்.

பணமே செலவழிக்க முடியாதவர்களுக்கு, எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் விபாசனா தியானப் பத்து நாள் முகாமில் கட்டணம் கிடையாது. முடித்த பிறகு விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம். ஆனால் பத்து நாள் பேசாமல், காலை நாலு மணி எழுச்சி. 20ஆம் தேதி வாழ்க்கை உள்ளவர்களுக்கு லீவு கிடைக்காது, இடுப்புக்காரர்களுக்கு ஒரு நாளில் பத்து மணி நேர உட்காருதலும் லேசானதில்லை. அக்கம்பக்கத்து மனவளக்கலை மன்றமும் இருக்கிறது. தளர்வுதான் வேண்டும் என்றால் என் மனைவியின் கட்சியில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், அங்கேயே போங்கள்.

மதிப்பெண்: பாடத்திட்டத்துக்கு ஐந்துக்கு நாலு. நடத்திய விதத்துக்கு மூன்று. மேடத்தின் பேச்சுக்குத் தனியாக அரை கூட்டிக்கொள்ளலாம். ரசீது கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதையும் ஒரு கணக்கனாக இங்கே பதிந்துவைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அங்கே தரும் ரப்பர் பாய் மெல்லியது. வீட்டிலிருந்து கனமான பவானி ஜமக்காளம் ஒன்று கொண்டுபோங்கள், முழங்காலுக்கு அடியில் வைக்கத் தலையணையும். இடுப்புக்காரர்கள் தரையில் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை, நாற்காலி கேட்டால் தருவார்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்தவர்களை நான் பார்த்தேன். காலை வகுப்புக்கு இட்லி இரண்டுக்கு மேல் வேண்டாம், பாடி ஸ்கேனில் தூங்கிவிடுவீர்கள். சேரும்போதே, நடத்துகிறவர் எங்கே பயிற்சி பெற்றார், அவசரத்துக்கு எந்த மனநல மருத்துவரை அழைப்பார் என்று இரண்டு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். செப்டம்பர் மாதத்தில் தொடங்கும் பேட்சில் கணக்குப் பிரிவு ஆட்கள் யாரும் சேர வேண்டாம். ஏப்ரல் முடிந்து வரும் பேட்சுக்குப் பெயர் கொடுங்கள். தம்பதியாகச் சேர்ந்தால் இரண்டாவது ஆளுக்கு 2,000 ரூபாய் குறைக்கிறார்கள், ஆனால் அதையும் கேட்டால்தான் சொல்கிறார்கள்.